பரணில் உறங்கும் மடிக்கணினி

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில் பரணுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மாற்றல் உத்தரவு வந்து ஊர் மாறும்போதெல்லாம், கொடுத்துவிடவும் மனம் வராமல் கையில் வைத்துக்கொள்ளவும் வழி தெரியாமல் நிற்கும் பொருள்கள் யாவும் அங்கேதான் ஏறுகின்றன. கொலுப் பொம்மைப் பெட்டி, சீராக வந்த வெண்கலப் பானை, பிள்ளைகளின் பள்ளிப் பரிசுகள் ஆகியவற்றின் நடுவே இன்று மற்றொரு பொருளும் இடம் பிடித்திருக்கின்றது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினியே அது.

அது வாங்கப்பட்ட காலத்தைச் சற்று நினைவு கூர்வோம். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பெற்றது. 2004-ஆம் ஆண்டு வெளியான பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே போதிய வேகமென ஏற்றுக்கொண்டது. 2005 முதல் அவ்விணைப்பு தொலைபேசிக் கம்பி வழியே வீடுகளுக்கு வரலாயிற்று. அதையொட்டிய ஆண்டுகளிலேதான் நம்மவர் பலர் தம் முதல் மடிக்கணினியை வாங்கினர். விடுமுறையில் ஊர் சென்று எடுத்த புகைப்படங்கள், தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திக் காட்சிகள், பாட்டியின் குரலில் பதிவு செய்த தாலாட்டு, சங்க ஆண்டு மலருக்கென்று இரவெல்லாம் விழித்துத் தட்டச்சு செய்த கட்டுரைகள் ஆகியவை எல்லாம் அதனுள்ளேயே சேர்ந்தன. இன்று கைப்பேசியில் எடுக்கும் படம் தானாகவே எங்கோ ஓரிடத்தில் மறுபிரதியாகச் சேமிக்கப்படுகின்றது. அந்நாளில் அவ்வசதி பரவலாக இல்லை. ஆதலின் அப்பொருள்கள் பலவற்றுக்கு உலகில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அப்பிரதியும் பரணில் தூசி படிந்து கிடக்கின்றது.

தீபாவளிக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் வேளையில் கபாடிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். இயந்திரத்தை எடை போட்டு விலை பேசுகிறார். அதனுள் இருக்கும் பாட்டியின் குரலுக்கு அவருடைய தராசில் எடை இல்லை. அவரிடம் கொடுக்கு முன் அந்தச் செல்வத்தை வெளியே எடுத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். பழைய மடிக்கணினியை வீட்டுக் கணினி வலையில் சேர்ப்பதே அதற்குரிய வழி.

வீட்டு வலை வேறு, உலக வலை வேறு

முதற்கண் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் 'நெட்' இருக்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு பொருள்களைக் குறிக்கின்றது. ஒன்று, வீட்டுக்குள்ளேயே கணினிகளையும் கைப்பேசிகளையும் அச்சுப்பொறியையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் வலை. மற்றொன்று, அவ்வீட்டு வலையை வெளியுலகோடு பொருத்தும் இணைப்பு. இவ்விரண்டும் கூடும் இடமே ரூட்டர் என்னும் சிறு பெட்டி. அதனை வீட்டின் தலைவாசலுக்கு ஒப்பிடலாம். தலைவாசலைத் தாழிட்டுவிட்டால் தெருவில் இருப்பவர் உள்ளே வர முடியாது. ஆனால் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போவதற்கு ஒரு தடையும் இல்லை. அதுபோலவே, வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டாலும் ரூட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வீட்டுக் கணினிகள் தமக்குள் பேசிக்கொண்டே இருக்கும்.

இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் நம் வேலையின் நெறியும் தானே விளங்கும். பழைய மடிக்கணினியை வீட்டு வலையில் சேர்க்கலாம். உலக வலையில் உலவவிடலாகாது. ஏனெனில் அதில் இயங்கும் மென்பொருளுக்குக் காவல் இல்லை. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடும், 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று பொது ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்த பின் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. அத்தகைய இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் நகைகளைப் பரப்பி வைப்பதற்கு ஒப்பாகும்.

எழுப்புவதற்கு முன்

பல ஆண்டுகள் உறங்கிய இயந்திரத்தை எழுப்பும்போது பொறுமை வேண்டும். முதலில் அதனைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, அடிமூடி வளைந்திருந்தாலோ மின்சாரம் கொடுக்கலாகாது. அக்கால மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் பேட்டரியைத் தனியே கழற்றிவிடலாம். அதனைக் கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொண்டே இயந்திரத்தை இயக்குவது நல்லது. உப்பிய பேட்டரியைக் குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்துக்கு இடம் தரும். குழந்தைகள் கையில் அகப்படாமல் வைத்திருந்து மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சார்ஜர் தொலைந்திருந்தால், முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகிவிடக் கூடாது. மடிக்கணினியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். சார்ஜரின் வோல்ட் அதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

இயந்திரம் எழுந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். அதனைச் சரிசெய்து கொள்ள வேண்டும். பின்னர் ஹார்ட் டிஸ்கின் ஓசையைக் கவனியுங்கள். 'டக், டக்' என்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்குமாயின் உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்பில் பயிற்சி உள்ளவரிடம் கொடுப்பதே அறிவுடைமை. அந்நிலையில் மேலும் மேலும் முயல்வது இருப்பதையும் இழப்பதில் முடியும்.

கம்பி வழியே முதலிடம் பெறும்

வலையில் சேர்க்க இரு வழிகள் உள்ளன. ஒன்று கம்பி, மற்றொன்று காற்று. எல்லா வீடுகளிலும் வைஃபை வந்துவிட்ட இக்காலத்தில் கம்பியைப் பலர் மறந்துவிட்டனர். ஆயினும் பழைய இயந்திரத்துக்குக் கம்பியே சிறந்த துணை.

ஈதர்நெட் எனப்படும் இக்கம்பி முறையை 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் வகுத்தார். அதன்பின் வேகம் பன்மடங்கு பெருகியிருப்பினும், புதியது பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என்ற நெறியை இம்முறை பெரிதும் காத்து வந்திருக்கின்றது. இன்றைய ரூட்டர் விநாடிக்கு 1,000 மெகாபிட் அனுப்ப வல்லது. பழைய மடிக்கணினியோ பெரும்பாலும் 100 மெகாபிட் மட்டுமே ஏற்கும். இரண்டையும் இணைத்தவுடன் அவை தமக்குள் பேசி, இருவருக்கும் இயன்ற வேகத்தைத் தாமே முடிவு செய்துகொள்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் முதியவர் நடைக்கேற்பப் பேரன் தன் நடையைக் குறைத்துக்கொள்வது போன்ற பண்பு இது.

கடையில் 'லேன் கேபிள்' என்று கேட்டால் தருவார்கள். அதன் இரு முனைகளிலும் எட்டுத் தொடுமுனைகள் கொண்ட தெளிந்த பிளாஸ்டிக் செருகி இருக்கும். 'கேட் 5ஈ' என்னும் வகை போதுமானது. 100 மீட்டர் நீளம் வரை அது பழுதின்றி வேலை செய்யும். நம் அடுக்குமாடி வீடுகளுக்கோ 5 மீட்டரே மிகுதி. ஒரு முனையை ரூட்டரில் 'லேன்' என்று குறித்துள்ள துளைகளுள் ஒன்றிலும், மறுமுனையை மடிக்கணினியிலும் 'கிளிக்' என்னும் ஓசை வரும்வரை செருக வேண்டும். துளையின் அருகே சிறு விளக்கு எரிந்தால் கம்பி வேலை செய்கின்றது என்று கொள்ளலாம்.

அடுத்து, மடிக்கணினிக்கு ஒரு முகவரி வேண்டும். கதவிலக்கம் இல்லாத வீட்டுக்குத் தபால் வாராது அன்றோ? வலையில் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் தானே ஒரு முகவரி கொடுக்கின்றது. 192.168 என்று தொடங்கும் எண்களே பெரும்பாலும் அவ்வாறு வழங்கப்படுகின்றன. இவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் இலக்கங்கள். வெளியுலகில் இவற்றுக்கு மதிப்பில்லை. மடிக்கணினியின் வலையமைப்புப் பகுதியில் 'முகவரியைத் தானாகப் பெறுக' என்னும் பொருள்படும் ஆங்கில வரியைத் தெரிவு செய்திருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் அலுவலகத்தில் பயன்பட்ட இயந்திரமாயின், அங்கே நிலையாக எழுதிவைத்த முகவரி இன்றும் இருந்து தொல்லை தரும். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து விடை வாராமல் இயந்திரம் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது கம்பியின் இரு முனைகளையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 ஜிகாபைட் அளவுள்ள படங்களும் பதிவுகளும் இருப்பதாகக் கொள்வோம். 100 மெகாபிட் கம்பியில் அவற்றை மாற்ற ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். பழைய 54 மெகாபிட் வைஃபையிலோ, நடைமுறையில் அதன் பாதி வேகத்துக்கும் குறைவாகவே கிட்டுமாதலால், நான்கு மணி நேரம்கூட ஆகலாம். இடையில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடும் துன்பமும் சேரும்.

காற்று வழியே சேர்ப்பதாயின்

மடிக்கணினியின் கம்பித் துளை பழுதாகியிருக்கலாம். அல்லது ரூட்டர் எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டப்பட்டிருக்கலாம். அப்போது வைஃபையை நாடவேண்டியதே. பழைய இயந்திரம் நம் வீட்டு வைஃபையைக் காணவில்லை என்றால், காரணம் கீழ்வரும் நான்கனுள் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்.

முதலாவது, விசை. அக்கால மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபைக்கென்று பக்கவாட்டில் ஒரு சிறு விசை உண்டு. அது அணைந்திருந்தால் மென்பொருளில் என்ன செய்தாலும் பயனில்லை.

இரண்டாவது, அலைவரிசை. இன்றைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் பேசுகின்றன. 1999-இல் வகுக்கப்பட்ட 11 மெகாபிட் முறையையும் 2003-இல் வகுக்கப்பட்ட 54 மெகாபிட் முறையையும் மட்டுமே அறிந்த மடிக்கணினிகள் முதல் அலைவரிசையை மட்டுமே கேட்கும். ரூட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் அவற்றுக்கு வீட்டில் வைஃபையே இல்லாதது போல் தோன்றும். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் குழப்பம் தீரும்.

மூன்றாவது, சானல் எண். நம் நாட்டில் 2.4 அலைவரிசையில் 1 முதல் 13 வரையுள்ள சானல்கள் பயன்படுகின்றன. அமெரிக்காவில் விற்கப்படும் கருவிகளோ பெரும்பாலும் 11-ஆம் சானலோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வந்து கொடுத்த மடிக்கணினி நம் இல்லங்களில் அரிதன்று. ரூட்டர் 12-இலோ 13-இலோ பேசினால் அத்தகைய இயந்திரத்துக்குக் கேட்காது. 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றை ரூட்டரில் நிலையாக வைப்பது நன்று.

நான்காவது, பூட்டு. வைஃபைக்கு முதலில் வந்த 'வெப்' என்னும் பூட்டு முறையின் பலவீனம் 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. அதன் பின் 2003-இல் 'டபிள்யூ.பி.ஏ.'வும், 2004-இல் அதன் இரண்டாம் முறையும், 2018-இல் மூன்றாம் முறையும் வந்தன. ரூட்டர் மூன்றாம் முறையை மட்டுமே ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் பழைய இயந்திரம் உள்ளே வர இயலாது. இரண்டாம் முறையையும் ஏற்கும்படி செய்யலாம். அதில் பெருங்கேடு இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியாயின் 2008-இல் வந்த அதன் மூன்றாவது சர்வீஸ் பேக் நிறுவப்பட்டிருந்தால் இரண்டாம் முறையைப் புரிந்துகொள்ளும். ஆனால், பழைய இயந்திரத்துக்காக வீட்டின் பூட்டையே 'வெப்' அளவுக்குத் தாழ்த்துவது மட்டும் வேண்டவே வேண்டா. ஒருவருக்காக வீடு முழுவதையும் திறந்து போடுவதினும் ஐந்து மீட்டர் கம்பி வாங்குவது எளிது.

ஒரே வீட்டில் இரு வழக்கு

இனி, வேலையின் கடினமான பகுதிக்கு வருகிறோம். கம்பி சரி, முகவரியும் கிடைத்துவிட்டது. ஆயினும் புதிய கணினியும் பழைய கணினியும் ஒன்றையொன்று கண்டும் காணாதவை போல் இருக்கின்றனவே என்று பலர் சோர்ந்துவிடுவர். இதன் காரணம் மொழி வேறுபாடு.

ஊரிலிருந்து வந்த பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். தில்லியிலோ மும்பையிலோ பிறந்த பேரனுக்கு இந்தியும் ஆங்கிலமும் சரளமாக வரும், தமிழ் தடுமாறும். இருவரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தும் பேச்சு ஓடுவதில்லை. கணினிகளின் நிலையும் இஃதே. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள 'எஸ்.எம்.பி.' என்னும் ஒரு மொழியைப் பயன்படுத்துகின்றன. அதன் முதற் பதிப்பையே எக்ஸ்பி அறியும். விண்டோஸ் 7 இரண்டாம் பதிப்பை அறியும். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் புதுப்பிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் முதற் பதிப்பு இயல்பாக இடம் பெறுவதில்லை.

அதனை ஏன் நீக்கினர்? 2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் பரவத் தொடங்கி, சில நாள்களுக்குள் சுமார் 150 நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்துக்கொண்டு திறவுகோலுக்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல அதனால் வேலை நிறுத்த நேர்ந்தது. அந்நிரல் கணினிக்குக் கணினி தாவியது இந்த முதற் பதிப்பில் இருந்த ஓட்டை வழியேதான். ஆகவே புதிய கணினியில் அப்பழைய மொழியை மீண்டும் இயக்கிவிடுமாறு எவரேனும் கூறினால் அதனை ஏற்கலாகாது. பாட்டியோடு பேசுவதற்காகத் திருடனுக்கும் வழிவிடுவது போன்றது அது.

எனில், என் செய்வது? மடிக்கணினியின் வயதுக்கேற்ப வழி வேறுபடும்.

விண்டோஸ் 7 உள்ள இயந்திரமாயின் தொல்லை குறைவு. புதிய கணினியில் 'பழைய படங்கள்' போன்றதொரு பெயரில் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதனைப் பகிரும்படி செய்து, அதற்கென்றே ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட தனிக் கணக்கை ஏற்படுத்த வேண்டும். நாள்தோறும் கணினியைத் திறக்க நாம் அழுத்தும் நான்கிலக்க எண் இவ்வேலைக்குப் பயன்படாது, கடவுச்சொல்லே வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. பின்னர்ப் பழைய கணினியின் முகவரிப் பட்டையில் பின்னோக்கிச் சாய்ந்த இரு கோடுகளையும், அவற்றை அடுத்துப் புதிய கணினியின் முகவரி எண்ணையும் தட்டினால் அந்த ஃபோல்டர் கண்முன் வரும்.

விண்டோஸ் எக்ஸ்பி உள்ள இயந்திரமாயின், அதனையே பேசவைக்க முயலாமல் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்துவதே சிறப்பு. லினக்ஸ் என்னும் இலவச இயக்கு மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மடிக்கணினியை எழுப்பலாம். ஹார்ட் டிஸ்கில் உள்ள எக்ஸ்பி உறங்கிக்கொண்டே இருக்க, பென்டிரைவில் உள்ள லினக்ஸ் அதன் கோப்புகளைப் படித்துப் புதிய கணினிக்குப் புதிய மொழியில் அனுப்பிவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி கவுலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், குறைந்த நினைவகமுள்ள இத்தகைய கணினிகளுக்கென்றே பெயர் பெற்றது. இறக்கும்போது 32 பிட் பதிப்புத்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்கில் நிறுவவா என்று அது கேட்டால் வேண்டா என்று விடை தருக. நிறுவினால் பழையவை அழிய நேரும்.

இதுவும் கைகூடாதாயின், ஹார்ட் டிஸ்கையே கழற்றி யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்திப் புதிய கணினியில் செருகலாம். பழைய டிஸ்குகளில் ஐ.டி.ஈ. என்றும் சாட்டா என்றும் இரு வகை உண்டு. உறை வாங்கச் செல்லும்போது டிஸ்கையும் உடன் எடுத்துச் சென்று காட்டுவது நலம்.

இவ்வேலைகள் நடக்கும்போது வெளியிணைப்பைக் கழற்றி வைத்துவிடலாம் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம். மென்பொருள்களை இறக்கிக்கொண்ட பின்னர், வீட்டு வலைக்கு உலக வலை தேவையில்லை.

எவற்றை எடுப்பது?

'மை டாக்குமெண்ட்ஸ்' என்னும் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. மேசைத் திரையில் போட்டுவைத்தவை, டி டிரைவில் பிரித்துவைத்தவை, அஞ்சல் நிரலுக்குள் தங்கிய பழைய கடிதங்கள் ஆகியவற்றையும் தேட வேண்டும். எக்ஸ்பியில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்பதையும், விண்டோஸ் 7-இல் 'யூஸர்ஸ்' என்பதையும் முழுமையாகப் பிரதி எடுத்தால் இவற்றுள் பெரும்பகுதி வந்துவிடும்.

தமிழ் மக்களாகிய நமக்கு இங்கு ஒரு தனிக் கவலை உண்டு. அக்காலத்தில் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரையைப் புதிய கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிறைந்திருக்கக் காண்போம். கோப்பு கெட்டுவிட்டது என்று கருதிப் பலர் அதனை அழித்துவிடுகின்றனர். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991-லேயே இடம் பெற்றது எனினும், அது வழக்கில் ஊன்றப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கிடையே எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் உலகத் தமிழரிடையே பரவின. இணையத் தமிழர் கூடி 'திஸ்கி' என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளை ஏற்றது. பின்னர் 2010-இல் யூனிகோடை ஏற்றது.

ஆகவே, பழைய மடிக்கணினியிலிருந்து கட்டுரைகளை எடுக்கும்போது, விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள 'ஃபாண்ட்ஸ்' என்பதையும் மறவாமல் பிரதி எடுக்க வேண்டும். எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பது இருபது ஆண்டுகளுக்குப் பின் எவருக்கும் நினைவில் இராது; அந்த இயந்திரத்துக்கு இருக்கும். எழுத்துரு கிடைத்துவிட்டால், யூனிகோடாக மாற்றித் தரும் இலவச நிரல்கள் கிடைக்கின்றன. சங்க மலர்கள் சிலவற்றின் மூலப்படிகள் இவ்வாறு மடிக்கணினிகளுக்குள் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரதி எடுத்தபின்

எடுத்தவற்றைப் புதிய கணினியில் திறந்து பார்த்து, குரல் கேட்கிறதா, படம் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்பு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இரண்டாம் பிரதி எடுத்து, அதனை வேறொரு வீட்டில் வைப்பது நன்று. ஊரில் இருக்கும் அண்ணன் வீடோ, வேறு நகரத்தில் வாழும் மகள் வீடோ அதற்கு ஏற்ற இடம். குடும்பம் பல ஊர்களில் சிதறியிருப்பது நமக்கு ஒரு குறை. அக்குறையே இவ்வகையில் காவலாகவும் அமைகின்றது.

அதன்பின் மடிக்கணினியை என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம். லினக்ஸை நிறுவி, குழந்தைகள் தமிழ்த் தட்டச்சுப் பழகும் கருவியாக வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வேண்டா என்று கொடுப்பதாயின், ஹார்ட் டிஸ்கை முற்றிலும் அழித்தோ கழற்றியோ கொடுக்க வேண்டும். வெறுமனே 'டெலிட்' செய்த கோப்புகளை மீட்டுவிட முடியும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்கள் நாட்டில் இயங்கி வருகின்றன. எடைக்குப் போடுவதினும் அங்குச் சேர்ப்பதே முறை.

காலம் தாழ்த்தலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. ஹார்ட் டிஸ்குக்கு ஆயுள் வரம்பு உள்ளது. பழைய கணினிகளோடு பேசவல்ல மென்பொருள்களும் ஒவ்வொன்றாகக் கதவை மூடி வருகின்றன. நெடுங்காலம் பழைய கணினிகளுக்கு இடமளித்து வந்த டெபியன் லினக்ஸ்கூட, 2025 ஆகஸ்டில் வந்த தன் 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. இன்று ஓர் ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலை, இன்னும் சில ஆண்டுகள் சென்றபின் வல்லுநர்க்கும் அரிதாகிவிடலாம்.

சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையில் கூறியவை உங்களுக்கு மிக எளியவை. உங்கள் குடியிருப்பில் தனித்து வாழும் பெரியவர்க்கு அவை மலைபோல் தோன்றும். ஒரு கம்பியும் ஒரு பென்டிரைவும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். அவர்கள் தரும் காப்பியை அருந்திக்கொண்டே வேலையை முடித்துவிடலாம். கோப்புகள் வந்து சேர்ந்ததும், அவற்றுள் மறைந்தவர் ஒருவரின் குரல் இருந்தால், முதலில் அதனைப் போட்டுக் காட்டுங்கள்.